பத்துப் பேருக்குப் பொறுப்பானவர்

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையும் கூடூர்–காட்பாடி பாதையும் சந்திக்கும் இடம் ரேணிகுண்டா. திருமலைக்குப் போகிறவர்களுக்கு அது வண்டி மாறும் நிலையம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருப்பதி விமான நிலையம் என்பதே ரேணிகுண்டாதான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களைச் சேர்ந்த பட்டாளத்துக்காரர்கள் பலருக்கு விடுமுறை தொடங்குவதும் முடிவதும் இங்கேதான். சீருடை இல்லாவிட்டாலும் முடிவெட்டையும் டிரங்குப் பெட்டியையும் பார்த்து ‘மிலிட்டரி’ என்று பிளாட்பாரத்தில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர் சிப்பாயா, நாயக்கா, ஹவில்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ஊருக்கு எல்லாரும் ‘மிலிட்டரி’தான்.

காலாட்படையில் இந்த வேறுபாடு சாதாரணமானது அல்ல. கையில் மூன்று பட்டை போட்ட ஹவில்தார், வேறு நாட்டுப் படைகளில் சார்ஜென்ட் எனப்படுபவர். அவருக்கு மேலே சுபேதார்களும் அதிகாரிகளும், கீழே நாயக்குகளும் சிப்பாய்களும். உத்தரவு மேலிருந்து வரும், சாவு எதிரிலிருந்து வரும். இரண்டையும் முதலில் வாங்கிக்கொள்வது இந்த நடுப்படிதான். தோட்டா பாயும் நேரத்தில் இவருடைய வீரம் என்பது என்ன? அதை நாம் சரியாகத்தான் அளந்துவருகிறோமா? பதக்கப் பட்டியல்களையும் போர் வரலாறுகளையும் இந்தக் கேள்வியோடு படித்தால் வருத்தமான விடைதான் கிடைக்கிறது. தனி ஆளாகப் பாய்ந்தவரை நாம் பார்த்துவிடுகிறோம். பத்துப் பேரைச் சிதறாமல் வைத்திருந்தவரைப் பார்ப்பதே இல்லை.

பக்கத்திலிருந்தே தொடங்கலாம். காணிப்பாக்கம் விநாயகர் கோயில் இருக்கும் அதே ஐரால மண்டலத்தில் ரெட்டிவாரிப்பள்ளி என்று ஒரு கிராமம். அந்த ஊர்க்காரர் ஹவில்தார் பிரவீண்குமார் ரெட்டி, மெட்ராஸ் ரெஜிமென்டின் 18ஆம் பட்டாலியன். 2020 நவம்பர் 7ஆம் தேதி இரவு கடந்து 8ஆம் தேதி பிறந்த வேளையில், காஷ்மீரின் குப்வாரா மாவட்டத்து மச்சில் பகுதியில், எல்லை வேலியருகே ஊடுருவல்காரர்களை எல்லைப் பாதுகாப்புப் படையின் ரோந்துக் குழு கண்டது. சண்டை மூண்டது. அந்தப் படையின் காவலர் சுதீப் சர்க்கார் இறந்தார், ஊடுருவியவர்களில் ஒருவரும் விழுந்தார். மற்றவர்களைத் தேடி ராணுவம் இறங்கியது. பகலில் மறுபடி மோதல். ஊடுருவியவர்களில் மேலும் இருவர் கொல்லப்பட்டார்கள். ராணுவத்தின் தரப்பில் மூவர் உயிரிழந்தனர்: பீகாரின் மதேபுராவைச் சேர்ந்த கேப்டன் அசுதோஷ் குமார், நிஜாமாபாத் மாவட்டத்து இளம் வீரர் ரியாடா மகேஷ், நம் பிரவீண்குமார். கேப்டனுக்கு மறு ஆண்டு சௌரிய சக்ரா அறிவிக்கப்பட்டது. பிரவீண்குமாரின் குடும்பத்துக்கு ஆந்திர அரசு 50 லட்சம் ரூபாய் அறிவித்தது.

இறுதி ஊர்வலம், நிவாரணத் தொகை, மந்திரிகளின் இரங்கல் என்று நாளிதழ்கள் நிரம்பின. ஒரு ஹவில்தார் அந்தச் சரிவில் என்ன வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதற்கு யாரும் ஒரு பத்தி ஒதுக்கவில்லை. அதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காலாட்படையின் அடிப்படை அலகு செக்‌ஷன். சுமார் பத்துப் பேர். அதன் தலைவர் நாயக்காகவோ ஹவில்தாராகவோ இருப்பார். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் ஒரு பிளட்டூன். அதற்குத் தலைவர் பெரும்பாலும் நாயப் சுபேதார் அல்லது சுபேதார், அவருக்கு வலக்கை பிளட்டூன் ஹவில்தார். மச்சில் போன்ற இடத்தில் மரமும் பாறையும் ஓடையும் பார்வையை மறைக்கும். நூறு அடி தள்ளி இருக்கும் அதிகாரிக்கு உங்கள் செக்‌ஷன் தெரியாது. வயர்லெஸ்ஸில் சொல்வதற்குள் நிலைமை மாறிவிடும். அப்போது எல்.எம்.ஜி. என்ற இலகு இயந்திரத் துப்பாக்கி எந்தப் பாறைக்குப் பின்னால் உட்கார வேண்டும், யார் சுட வேண்டும், அந்தச் சூட்டின் மறைவில் யார் நகர வேண்டும், யாரிடம் எத்தனை மேகசின் மிச்சம், காயம்பட்டவனை இப்போதே இழுப்பதா, எதிரியின் சூடு தணியும் வரை விடுவதா என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் ஹவில்தார்தான். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கிடைப்பது சில வினாடிகள். தப்பானால் செத்துப்போவது தான் மட்டும் அல்ல. தன்னோடு ஒரே லங்கரில் சாப்பிட்ட பையன்கள்.

இதில் பாய்ச்சலுக்கு இடம் கொஞ்சம்தான். பெரும்பகுதி கணக்கு, குரல், கண். இளம் சிப்பாய் பாறையை விட்டு எழுந்திருக்க மறுக்கும்போது அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் இதில் சேரும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்திருப்பான் என்று தெரிந்துவைத்திருப்பது பல வருடப் பழக்கத்தில் வருவது. எந்தப் பதக்கக் குறிப்பிலும் அது ஏறாது.

இனிப் பதக்கம் பெற்ற ஹவில்தார்களைப் பார்ப்போம். 1948 ஜூலை 18. காஷ்மீரின் தித்வாலுக்குத் தெற்கே தாராபாரி. ராஜபுதனா ரைஃபிள்ஸின் 6ஆம் பட்டாலியனைச் சேர்ந்த கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் முன்னணி செக்‌ஷனோடு ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஏறுகிறார். இரு பக்கமும் பள்ளம், எதிரே நடுத்தர இயந்திரத் துப்பாக்கி. அரை மணி நேரத்தில் 51 பேர் மாண்டோ காயம்பட்டோ விழுந்தார்கள். பீரு சிங் குண்டுச் சிதறல்களால் உடம்பெல்லாம் கிழிந்த நிலையில் முதல் பங்கரை அடைந்து, ஸ்டென் துப்பாக்கியாலும் பயோனெட்டாலும் அதை அடக்கினார். திரும்பிப் பார்த்தபோது செக்‌ஷனில் நிற்க ஒருவரும் இல்லை. இரண்டாவது பங்கரை நோக்கி நகரும்போது கைக்குண்டு முகத்தில் வெடித்தது. கண்ணை மறைத்த ரத்தத்தோடு அதையும் தாண்டி மூன்றாவதை நெருங்கும்போது தலையில் குண்டு பாய்ந்தது. நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம் வீர் சக்ரா கிடைத்தது. அந்த விருதுக் குறிப்பைப் படிக்கும் எவருக்கும் மயிர் கூச்செறியும். ஆனால் அதைத் ‘தலைமை’ என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. நடத்திச் செல்ல ஆளே மிச்சமில்லை. அது ஒரு மனிதனின் எல்லையில்லாத துணிச்சல், அவ்வளவுதான். அவ்வளவு என்பதே ஏராளம், மறுக்கவில்லை.

இதோடு ஒப்பிட வேண்டிய பெயர் ஹவில்தார் கஜே காலே. 5ஆம் ராயல் கூர்க்கா ரைஃபிள்ஸ், 1943 மே மாதக் கடைசி, பர்மாவின் சின் மலைகளில் பாஷா கிழக்குக் குன்று. அந்தக் குன்றைப் பிடிக்க முன்பே நடந்த தாக்குதல்கள் தோற்றிருந்தன. காலேயின் பிளட்டூனில் இருந்தவர்கள் இளைஞர்கள். காலேயே அதுவரை எதிரிச் சூட்டை நேரில் பார்த்ததில்லை என்று விக்டோரியா கிராஸ் குறிப்பே சொல்கிறது. கத்தி முனை போன்ற முகட்டில், மோர்ட்டார் விழுந்துகொண்டிருக்க, ஆட்களை ஒழுங்குபடுத்தி முன்னேற்றினார். கையிலும் மார்பிலும் காலிலும் காயம். அவற்றைப் பொருட்படுத்தாமல் கைகலப்பில் குன்றைப் பிடித்தார். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. பிடித்த இடத்தைத் தக்கவைக்க ஆட்களை நிறுத்தி, காவல் அமைத்து, எல்லாம் ஒழுங்கான பிறகும் மருத்துவ நிலையத்துக்குப் போகவில்லை. அதிகாரி ஒருவர் உத்தரவு போட்ட பிறகே போனார். குன்றைப் பிடிப்பதில் வீரம் உண்டு. எதிர்த் தாக்குதல் வருவதற்குள் மிச்சமிருக்கும் ஆட்களைச் சரியான இடத்தில் உட்கார வைப்பதில்தான் ஹவில்தார் தெரிகிறார்.

1943 ஏப்ரலில் துனிசியாவின் ஜெபல் கார்சியில் கம்பெனி ஹவில்தார் மேஜர் சேலு ராம் செய்ததும் இந்த வகையே. கம்பெனித் தலைவர் குற்றுயிராகக் கிடந்தபோது திறந்த வெளியில் போய் அவருக்குச் சிகிச்சை செய்தார், தானும் காயப்பட்டார், பிறகு கம்பெனியின் தலைமையைக் கையில் எடுத்தார். தோட்டா தீர்ந்துபோகும் நிலையில் எதிரி பாய்ந்தபோது, ஜாட்டுகளையும் முஸ்லிம்களையும் பெயர் குறித்து அழைத்து, பின்வாங்கக் கூடாது, முன்னேற வேண்டும் என்று கத்தினார். ஒரே கம்பெனியில் இருந்த இரு சாராரும் சேர்ந்து போனார்கள். அவர் அங்கேயே இறந்தார். அரக்கானில் டோன்பைக் என்ற இடத்தில் 1943 ஜனவரியில் ஹவில்தார் பர்காஷ் சிங், பழுதாகி நின்ற கேரியர் வண்டிகளில் சிக்கிய தோழர்களைச் சூட்டின் நடுவே திரும்பத் திரும்பப் போய் மீட்டு வந்தார். எதிரியைக் கொன்றதற்கல்ல, ஆளைக் காப்பாற்றியதற்குக் கிடைத்த விக்டோரியா கிராஸ் அது. 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியின் சீமா கிராமத்தருகே ஜீப்பில் பொருத்திய துப்பாக்கியால் பாட்டன் டாங்கிகளை உடைத்த அப்துல் ஹமீதை எல்லாரும் அறிவார்கள். அவருடைய பதவி கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார், அதாவது சாமான் கணக்கு பார்ப்பவர், என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

வீரத்தைப் பற்றி எழுதியவர்களிடம் போனால் கருத்து வேற்றுமை நிறைய. முதல் உலகப் போரில் முன்னணி மருத்துவராக இருந்த லார்ட் மோரன் 1945இல் எழுதிய நூலில், துணிச்சல் என்பது சேமிப்பு, செலவழிக்கச் செலவழிக்கத் தீர்ந்துவிடும் என்றார். முந்தைய சண்டையில் சிங்கமாக நின்றவன் அடுத்ததில் ஏன் நடுங்குகிறான் என்பதற்கு இதைவிட நேர்மையான விளக்கம் நான் படித்ததில்லை. எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கர், போரில் நான்கில் ஒரு பங்கு ஆட்கூடத் துப்பாக்கியைச் சுடுவதில்லை என்று 1947இல் எழுதிப் பெரும் பெயர் வாங்கினார். அவர் அந்த எண்ணிக்கைக்கு ஆதாரம் திரட்டவே இல்லை என்று 1980களில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்றும் அதை மேடையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஷில்ஸ், ஜானோவிட்ஸ் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் 1948இல் ஜெர்மன் படையைப் பற்றிச் சொன்னது வலுவானது. சிப்பாயை நிற்க வைத்தது கொள்கை அல்ல, பக்கத்தில் இருக்கும் சிறு கூட்டமும் அதன் நேர்த் தலைவனும்தான் என்றார்கள். பிற்கால ஆய்வுகள் இதையும் கேள்வி கேட்டன, கொள்கைக்கும் பங்கு உண்டு என்றன. இருந்தாலும் அந்த நேர்த் தலைவனை யாரும் தள்ளிவிடவில்லை.

நம் பக்கத்துக்கு இதில் தனியான வழக்கு ஒன்று உண்டு. தெற்கத்தியானுக்குத் தலைமை வராது, போர் வராது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. 1911இல் தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தது. ஆர்க்காடும் ஆம்பூரும் வந்தவாசியும் சுற்றிலும் இருக்கும் நிலம். 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டையில் கிளைவோடு முற்றுகையில் இருந்தவர்களில் சுமார் 200 பேர் சிப்பாய்கள். சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சியை மட்டும் குடித்தார்கள் என்ற கதையை மெக்காலே உலகெங்கும் பரப்பினார். அந்தக் கதையில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. சிப்பாயின் விசுவாசத்தைப் புகழ்ந்து, அவன் போர்த்திறனைப் பேசாமல் விட்டுவிடுகிறது. சோறு கொடுத்தவன் சுடவும் செய்தான். அதே காலத்தில்தான் யூசுப் கான் என்ற மருதநாயகம் சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி சிப்பாய்ப் படைகளின் கமாண்டன்ட் ஆனார். 1764இல் அவரைத் தூக்கிலிட்டதோடு சிப்பாய் தலைவனாகும் அந்த வாசலும் மெல்ல மெல்ல அடைக்கப்பட்டது.

1857இல் மெட்ராஸ் படைக்கு 52 காலாட் பட்டாலியன்கள் இருந்தன. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்திய வீரர்கள் நல்ல சண்டைக்கு ஆகமாட்டார்கள் என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானபோது, சில குடிகளே போருக்கு ஏற்றவை என்ற ‘போர்க்குடி’ கொள்கையை நடைமுறையாக்கினார். எல்லைப்புறச் சண்டைகளுக்கு அனுப்பாமல், நல்ல அதிகாரிகளைத் தராமல் வைத்துவிட்டு, அனுபவம் இல்லையே என்று குறை சொன்னார்கள். 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் பாளையங்கோட்டை பெயர் தாங்கிய 63ஆம் படைப்பிரிவு நிலைகுலைந்து ஓடியது உண்மை. மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே தாங்காவில் போர்க்குடி என்று பெயர் பெற்ற 13ஆம் ராஜபுத்திரர் படைப்பிரிவும் முதல் நாளே விரட்டப்பட்டது என்பதை அந்தக் கொள்கைக்காரர்கள் சொல்வதில்லை. 1920களின் இறுதிக்குள் மெட்ராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தெற்கின் பெயரைக் காத்தது மெட்ராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படைதான். இரண்டாம் உலகப் போர் நெருக்கியபோது 1941–42இல் மெட்ராஸ் ரெஜிமென்டை மறுபடி எழுப்ப வேண்டிவந்தது. ஆள் தேவைப்பட்டதும் போர்க்குடிக் கொள்கை காணாமல் போனது.

1944 பிப்ரவரி 24இல் இத்தாலியின் மிக்னானோ அருகே, காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சாப்பர் சுபேதார் சுப்ரமணியன், லான்ஸ் நாயக் சிகாமணி மிதித்த கண்ணிவெடி மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்றார். பதவியும் படையும் வேறென்றாலும், அவர் செய்தது ஒரு சிறு குழுவின் தலைவர் செய்கிற காரியமே.

இன்று வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் கலந்தே இருக்கிறார்கள். ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பது போர் முழக்கம். ஐராலத்துக்காரருக்கும் அதுதான், நாகர்கோவில்காரருக்கும் அதுதான். சித்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வீட்டில் ஒரு மொழி, சந்தையில் இன்னொரு மொழி என்று வளர்கிறார்கள். பல மொழி பேசும் பத்துப் பேரை மேய்க்க வேண்டிய ஹவில்தாருக்கு அதைவிடப் பெரிய முதல் என்ன?

அப்படியிருக்க, பதக்கப் பட்டியல் என்ன சொல்கிறது? இதுவரை பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் 12 பேர் அதிகாரிகள், இருவர் சுபேதார் வரிசை, ஏழு பேர் அதற்குக் கீழே. அந்த ஏழிலும் ஹவில்தார் நிலையில் இருந்தவர்கள் பீரு சிங்கும் அப்துல் ஹமீதும் மட்டுமே. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு ஒன்றுகூட இல்லை. பட்டியலில் இருக்கும் 21 பேரில் 14 பேர் இறந்த பிறகே பெற்றார்கள். உயர்ந்த விருது கிடைக்க வேண்டுமானால் அதிகாரியாக இருக்க வேண்டும், அல்லது இறந்திருக்க வேண்டும் என்று பொருள் கொள்வது மிகை. ஆனால் பத்துப் பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்த ஹவில்தாருக்கு அதில் இடம் குறைவு என்பது மிகை அல்ல. குறிப்பு எழுதுகிறவர் அதிகாரி. அவர் கண்ணில் படுவது ஓடியவன், பாய்ந்தவன், விழுந்தவன். ஒழுங்காக நடந்த சண்டையில் எழுத ஒன்றும் இல்லாததுபோலத் தோன்றிவிடும்.

இன்னொரு சிக்கல், போரா அமைதியா என்ற பிரிவு. வீர் சக்ரா எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கு, சௌரிய சக்ரா மற்றதற்கு. அந்த ‘மற்ற’ வரிசையின் உயர்ந்த விருதான அசோக சக்ராவைச் சுதந்திர இந்தியாவில் முதலில் பெற்றவர்களில் ஒருவர் ஹவில்தார் பச்சித்தர் சிங். 1948 செப்டம்பர் 13இல் ஹைதராபாத் நடவடிக்கையின் முதல் நாளில், தொடையில் குண்டு பாய்ந்த பிறகும் தவழ்ந்து போய்க் கைக்குண்டு வீசி இயந்திரத் துப்பாக்கியை அடக்கியவர். அதைப் ‘போலீஸ் நடவடிக்கை’ என்றது அரசு. 2020 ஜூன் 15இல் லடாக்கின் கல்வானில் இறந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனிக்கு வீர் சக்ரா. அவர் பீரங்கிப் படைக்காரர், ஆனால் அன்று நடந்தது துப்பாக்கி இல்லாத கைகலப்பு. ஐந்து மாதம் கழித்து மச்சிலில் துப்பாக்கிச் சூட்டில் நின்றவர்களுக்கு மற்ற வரிசை. காகிதத்தில் காரணம் இருக்கலாம். சரிவில் நின்றவனுக்கு அந்தப் பிரிவு தெரியாது.

பதக்கம் தராததைக் கல் தந்த காலம் ஒன்று இருந்தது. சித்தூர் மாவட்டத்திலும் பக்கத்து வட ஆர்க்காட்டிலும் பல்லவர், பாணர், வைதும்பர் காலத்து நடுகற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் இறந்தவன் பெயர், அவன் தலைவன் பெயர், நடந்த காரியம் மூன்றும் சுருக்கமாக இருக்கும். செங்கம் அருகே எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மன் காலத்து வீரன் ஒருவனோடு கோவிவன் என்ற அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதன் பங்கையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய் என்ன செய்தது என்று நமக்குத் தெரிகிறது.

2020இன் ஹவில்தார் என்ன செய்தார் என்று ஊர்ப் பள்ளிப் பிள்ளை தெரிந்துகொள்ள ஒரு பக்கம் இருக்க வேண்டாமா? சிலை வைப்பதையும் தெருவுக்குப் பெயர் சூட்டுவதையும் குறை சொல்லவில்லை. அவை முகத்தைக் காக்கும், வேலையைக் காக்காது.

ஆகவே கேட்பது சிறியது. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தார் இருக்கிறார்கள், மேற்குக் கோதாவரியின் மாதவரத்திலும் அப்படியே. சித்தூர், திருப்பதி கிராமங்களில் ஓய்வுபெற்ற ஹவில்தார்கள் வங்கிக் காவலுக்கும் பால் சங்கத்துக்கும் விவசாயத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். பதக்கம் இல்லாதவர்களே அதிகம். திருப்பதியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, வரலாற்று மாணவர்கள் இருக்கிறார்கள், கையில் செல்போன் இருக்கிறது. “எத்தனை பேரைக் கொன்றீர்கள்?” என்று கேட்காமல், “உங்கள் செக்‌ஷனில் யார் யார் இருந்தார்கள், அன்று யாரை எங்கே உட்கார வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். தெலுங்கில் சொன்னால் தெலுங்கில், தமிழில் சொன்னால் தமிழில். 1971இல் சண்டையிட்டவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடமிருந்து தொடங்குங்கள்.